எல்லை நிலையங்களில் ரயில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது எப்படி?

கீழ்த்திசை (கேள்வி):

வணக்கம். பணியின் பொருட்டுக் கொல்கத்தாவில் வசிப்பதால், இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான ரயில் போக்குவரத்தைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். 1965 போரோடு நின்றுபோன பயணிகள் ரயில், 2008 ஏப்ரல் 14 அன்று மைத்ரீ எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கொல்கத்தாவிலிருந்து டாக்கா 375 கிலோமீட்டர்தான். ஆயினும் தொடக்க ஆண்டுகளில் அந்தப் பயணத்துக்கு ஒரு பகல் முழுவதும் போதவில்லை. இந்திய எல்லை நிலையமான கெதேயில் பயணிகள் அனைவரும் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, சுங்கச் சோதனையையும் குடியேற்றச் சோதனையையும் முடித்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். சில கிலோமீட்டர் நகர்ந்ததும் வங்கதேசத்தின் தர்ஷனாவில் இவை அனைத்தும் முதலிலிருந்து தொடங்கும். பயணிகளில் கணிசமானோர் மருத்துவத்துக்காகக் கொல்கத்தாவுக்கும், அங்கிருந்து சென்னைக்கும் வேலூருக்கும் வருகிறவர்கள் என்பதை நினைத்தால், நோயாளி ஒருவர் தம் பெட்டியைத் தாமே சுமந்து இரண்டு முறை ஏறி இறங்குவது எத்தகைய துன்பம் என்பது விளங்கும்.

2017 நவம்பரில் இரண்டு நாட்டுச் சோதனைகளும் கொல்கத்தாவின் சித்பூர் நிலையத்துக்கும் டாக்கா கண்டோன்மென்ட் நிலையத்துக்கும் மாற்றப்பட்டன. பயணத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மிச்சமாயிற்று. 2024 ஜூலையிலிருந்து சேவையே நின்றுவிட்டது என்றாலும், அது திரும்ப வரும் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். இவ்வளவு எளிதாகத் தோன்றும் ஒரு மாற்றத்துக்கு ஒன்பதரை ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன? இனிக் குறைக்க வேண்டிய நேரம் எல்லையில் எங்கே ஒளிந்திருக்கிறது? பிற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

செக்‌ஷன் கண்ட்ரோலர் (ஓய்வு):

ஐயா, தங்கள் கேள்வி என் பணிக்காலம் முழுவதும் என்னோடு இருந்த கேள்வி. கால அட்டவணையில் எல்லை நிலையத்துக்கு நேரே ‘வருகை’, ‘புறப்பாடு’ என்று இரண்டு நேரங்கள் மட்டுமே இருக்கும். அவற்றுக்கு நடுவே நடப்பவை பல. பயணியின் ஆவணங்களைப் பார்ப்பது ஒரு துறை, உடைமைகளைப் பார்ப்பது இன்னொரு துறை. லோகோ எனப்படும் எஞ்சினையும் ஓட்டுநரையும் கார்டையும் மாற்றுவதும், பெட்டிகளின் பிரேக்கைச் சோதித்துச் சான்றிதழ் எழுதுவதும் ரயில்வேயின் வேலை. இவை யாவும் முடிந்த பிறகு, அடுத்த நாட்டுக் கட்டுப்பாட்டு அறை தன் தண்டவாளத்தில் இந்த வண்டிக்கு இடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு அரை மணி நேரம்தான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் தொடங்குவார் என்ற ஏற்பாடு இருக்கும் வரை அந்த அரை மணிகளெல்லாம் கூடிக்கொண்டே போகும். பயணிகள் வரிசையில் நிற்கும்போதே பெட்டிகளைப் பராமரிக்கும் கேரேஜ் ஊழியர்கள் வண்டிக்கடியில் இறங்கி பிரேக்கைப் பார்த்துவிடலாம். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகாது. எனவே எல்லையில் செய்யத்தக்க முதற்பணி, எந்த வேலையை எதனோடு சேர்த்துச் செய்யலாம் என்று இரு நாட்டு அலுவலர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வதே என்பது என் உறுதியான கருத்து.

ஒன்பதரை ஆண்டுகள் ஆனதற்கு, இந்த யோசனை யாருக்கும் தோன்றாதது காரணமன்று. சுங்கச் சோதனை நடக்கும் இடம் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இடமாக இருக்க வேண்டும். குடியேற்றச் சோதனைச்சாவடிக்கும் அவ்வாறே தனி அறிவிப்பு வேண்டும். சோதனை முடிந்த பயணி மற்றவர்களோடு கலந்துவிடாதபடி தனி நடைமேடையும் அடைப்பும் தேவை. அதைவிடக் கடினமானது பின்வருவது: கொல்கத்தாவில் ஒருவருடைய கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை விழுந்த பிறகும், எல்லையை அடையும் வரை அவர் இந்திய மண்ணில்தான் பயணம் செய்கிறார். அந்த இடைவெளியில் கதவு திறக்கக் கூடாது, எவரும் ஏறவோ இறங்கவோ கூடாது. இதற்குப் பாதுகாப்புப் படையினர் வண்டியோடு செல்ல வேண்டும். வழியில் லோகோ பழுதானால் என்ன செய்வது, நோயாளியை அவசரமாக இறக்க நேர்ந்தால் யார் பொறுப்பு என்பனவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே விடை எழுதியாக வேண்டும். இரண்டு உள்துறைகளும் இரண்டு நிதித்துறைகளும் இரண்டு ரயில்வேக்களும் கையெழுத்திட வேண்டிய காரியம் அது.

தாமதத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லைக்கு அப்பால் ஒற்றைப் பாதையாக இருந்தால், நம் வண்டி தனக்குக் குறித்த நேரத்தைத் தவறவிட்டவுடன் எதிரே வரும் வண்டிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லையில் இருபது நிமிடம் தாமதமான வண்டி, எதிர்வண்டிக்கு வழிவிடும் அடுத்த கிராஸிங் நிலையத்தில் ஒரு மணி நேரம் நிற்கும். எனவே சோதனை நேரத்தின் சராசரியைக் குறைப்பதைவிட, அது ஒவ்வொரு நாளும் ஒரே அளவாக இருக்குமாறு செய்வது வண்டிகளுக்குப் பாதை ஒதுக்கும் கண்ட்ரோலருக்கு அதிகம் பயன்படும். எப்போதும் ஒன்றரை மணி என்று தெரிந்தால் அதற்கேற்பப் பாதை ஒதுக்கலாம். ஒரு நாள் நாற்பது நிமிடம், மறுநாள் மூன்று மணி என்றால் எதுவும் செய்ய இயலாது.

ஜொகூர்வாசி:

வணக்கம். சோதனையை எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு எங்கள் பகுதியின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. சிங்கப்பூர் நகருக்குள் இருந்த தஞ்சோங் பகார் நிலையமும் அங்கு செல்லும் தண்டவாளமும் மலேசிய ரயில்வேக்கு உரியவையாக இருந்தன. 1998 ஆகஸ்ட் 1 அன்று சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை வடக்கு எல்லையிலுள்ள உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது; மலேசியாவோ தஞ்சோங் பகாரிலேயே தன் சோதனை முகப்பைத் தொடர்ந்து நடத்தியது. அதனால் வடக்கே செல்லும் பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டு, அரை மணி நேரத்துக்குப் பிறகு உட்லண்ட்ஸில் இறங்கி சிங்கப்பூரை விட்டு வெளியேறினார். இரண்டு நாடுகளும் தத்தமக்குச் சரியெனப் பட்டதைத் தனித்தனியே செய்தால் பயணிக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகார் மூடப்பட்டது. மறுநாளிலிருந்து இரு நாட்டு முகப்புகளும் உட்லண்ட்ஸில் அடுத்தடுத்து அமைந்தன.

2015 ஜூலையிலிருந்து ஓடும் தெப்ராவ் ஷட்டில் ரயில், கடற்பாலத்தை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். ஜொகூர் பாருவுக்குச் செல்லும்போது இரண்டு சோதனைகளும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடுவதால், அவ்வூர் நிலையமான ஜேபி சென்ட்ரலில் இறங்கியவுடன் வெளியே நடந்துவிடலாம். திரும்பும்போது மலேசிய முகப்பு ஜேபி சென்ட்ரலிலும் சிங்கப்பூர் முகப்பு உட்லண்ட்ஸிலும் இருக்கின்றன. ஒரே வழித்தடத்தின் இரு திசைகளையும் ஒப்பிட்டால், இரு முகப்புகளும் ஒரே இடத்தில் இருப்பதன் அருமை புரியும். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் நீளத்தில் கட்டப்படும் ஆர்டிஎஸ் என்னும் விரைவு ரயில் இணைப்பில், இரு திசைகளிலும் புறப்படும் நிலையத்திலேயே இரண்டு சோதனைகளும் முடிந்துவிடும். ஒரு திசையில் மணிக்குப் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் திட்டம் அது. ஐந்து நிமிடப் பயணத்துக்கு அத்தனை பேரைக் கொண்டுசெல்ல வேண்டுமெனில், ரயிலின் வேகத்தைவிட முகப்புகளின் எண்ணிக்கையே முக்கியம் என்பதை இரு அரசுகளும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டன.

வடக்கு எல்லையில் பாடாங் பெசார் நிலையத்தையும் குறிப்பிட வேண்டும். பேங்காக்கிலிருந்து இரவு முழுவதும் ஓடி வரும் தாய்லாந்து ரயிலிலிருந்து பயணிகள் இறங்கிப் பைகளை இழுத்துக்கொண்டு ஒரே கூடத்துக்குள் செல்வார்கள். தாய்லாந்து அலுவலர் வெளியேறும் முத்திரையைக் குத்தியதும் சில அடிகள் நடந்தால் மலேசிய முகப்பு. அதன் பிறகு மாடியேறி எங்கள் மின்சார ரயிலைப் பிடிக்கலாம். கட்டடம் மலேசிய மண்ணில் இருக்கிறது, ஆனால் தாய்லாந்து அலுவலர்கள் அதற்குள் பணி செய்கிறார்கள். பெரிய கருவிகள் எவையும் இல்லாமல், ஒரு கூரையும் ஓர் உடன்பாடும் கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். இரு நாடுகளுக்கும் ஒரு மணி நேர வேறுபாடு இருப்பதால், இணைப்பு ரயிலைப் பிடிப்பவர்கள் எந்த நாட்டு நேரம் என்பதைக் கவனித்துக்கொள்வது நல்லது.

கீழ்த்திசை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் உறுத்துகிறது. சோதனையைப் புறப்படும் நிலையத்துக்கு மாற்றியதால் வழியில் உள்ள ஊர்க்காரர்களுக்கு அந்த ரயில் இல்லாமலே போய்விட்டது. ரானாகாட்டிலோ ஈஸ்வர்தியிலோ ஒருவர் ஏற முடியாது. ஓடும் ரயிலுக்குள்ளேயே சோதனையை முடித்துவிடுவது இதைவிடச் சிறந்ததாகாதா?

வடகடல்:

ஓடும் ரயிலில் சோதனை நடந்ததை நான் ஹெல்சிங்கியில் வசிப்பவள் என்பதால் அருகிலிருந்து அறிவேன். 2010 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே அலெக்ரோ என்னும் ரயில் ஓடியது. இரு நாட்டு எல்லைக் காவலர்களும் சுங்க அலுவலர்களும் வண்டியில் ஏறி, இருக்கை இருக்கையாக நடந்து, கையிலிருக்கும் சிறு கருவியில் கடவுச்சீட்டை வைத்துப் பார்த்து, அங்கேயே முத்திரையிடுவார்கள். பயணி எழுந்திருக்கவே தேவையில்லை. அந்த நேரத்தில் கழிப்பறைக்கோ உணவுப் பெட்டிக்கோ போகாமல் அவரவர் இடத்தில் இருக்கச் சொல்வார்கள், அவ்வளவே. முன்பு ஐந்து மணி நேரத்துக்கும் மேலான பயணம் ஏறக்குறைய மூன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அதில் ஒரு பங்கு பாதையைச் சீரமைத்ததால் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொரு பங்கு வண்டியின் அமைப்பால் வந்தது: பின்லாந்தில் மின்பாதை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம், எல்லைக்கு அப்பால் 3,000 வோல்ட் நேர்திசை மின்சாரம், அலெக்ரோ இரண்டிலும் ஓடுமாறு கட்டப்பட்டிருந்ததால் எஞ்சின் மாற்றும் வேலையே இல்லை. தண்டவாள அகலத்திலும் 1,524, 1,520 மில்லிமீட்டர் என்ற சிறிய வேறுபாடுதான்.

ஆனால் இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அலெக்ரோவில் அனைவருக்கும் இருக்கை உண்டு. நின்று பயணம் செய்கிறவர்கள் இல்லை. எல்லைக்கு இருபுறமும் நிற்காமல் ஓடும் நேரம், ஒரு பெட்டியைச் சோதித்து முடிக்கப் போதுமானதாக இருந்தது. பெட்டிகள் நிரம்பி, ஒவ்வொருவரும் நான்கைந்து மூட்டைகளுடன் பயணிக்கும் ரயிலில் உடைமைச் சோதனையை ஓடும்போது முடிப்பது கடினம். நுழைவு மறுக்கப்பட்ட பயணியை எங்கே இறக்குவது என்ற கேள்வியும் இருக்கிறது.

புறப்படும் நிலையத்தில் சோதனை வைப்பதிலும் மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு யூரோஸ்டார் 2018 ஏப்ரலில் நேரடியாக ஓடத் தொடங்கியது. ஆனால் திரும்பும் பயணி 2020 அக்டோபர் வரை பிரஸ்ஸல்ஸில் இறங்கிச் சோதனைகளை முடித்துவிட்டு வேறு ரயிலில் ஏற வேண்டியிருந்தது. நெதர்லாந்து நிலையங்களில் பிரிட்டிஷ் அலுவலர்கள் பணி செய்வதற்கான உடன்பாடு அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின்னர், கடவுச்சீட்டுகளில் முத்திரையிடும் வேலை கூடியதால் நிலையங்களில் நெரிசல் மிகுந்தது. நிலையத்துக்குள் விடக்கூடிய ஆள்களுக்கு ஏற்பச் சில வண்டிகளில் இருக்கைகளைக் காலியாக விட்டே அந்நிறுவனம் ரயில்களை இயக்க நேர்ந்தது. கால அட்டவணையில் தாமதம் தெரியாது. ஆனால் பயணி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்னதாக வந்து காத்திருக்கிறார். ஆகவே தாமதத்தை அளக்கும்போது வண்டியின் சக்கரம் நின்ற நேரத்தை மட்டும் அளக்காமல், பயணி நிலையத்துக்குள் காலடி வைத்ததிலிருந்து அளக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

சேதுக்கரை:

வடகடல் அம்மையார் கடைசியாகச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒரு நாட்டின் சோதனையை இன்னொரு நாட்டின் மண்ணில் வைப்பது எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பழைய செய்தி. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலையும் கப்பலையும் இணைத்த பாதை திறக்கப்பட்ட பிறகு, இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, காலரா, பிளேக், அம்மை ஆகியவற்றுக்கான தடுப்புச் சோதனைகளை இலங்கை அரசே நடத்தியது. தலைமன்னார்த் துறையில் தாமதம் குறைந்தது. ஆனால் அந்தத் தாமதத்தைத் தொழிலாளர்கள் நாள்கணக்கில் முகாமில் சுமந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடிப் பாதை போய்விட்டது. இன்றைய திட்டங்களிலும், எல்லையிலிருந்து அகற்றும் காத்திருப்பு யார் தலையில் ஏறுகிறது என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

சரக்குப்பெட்டி:

இதுவரை பயணிகளைப் பற்றியே பேசினோம். எல்லையில் மிக நீண்ட நேரம் கிடப்பவை சரக்கு ரயில்கள். அவற்றுக்காகக் குரல் கொடுக்க ஆள் குறைவு. ஏற்றுமதி இறக்குமதித் துறையில் இருப்பவன் என்ற முறையில், நேபாளத்துக்கான போக்குவரத்தைச் சொல்கிறேன். கடற்கரை இல்லாத அந்நாட்டுக்கு வரும் கொள்கலன்கள் கொல்கத்தா அல்லது விசாகப்பட்டினம் துறைமுகத்தில் இறங்கி, இந்திய எல்லை ஊரான ரக்சௌல் வழியாக, நேபாளத்தின் பீர்கஞ்சிலுள்ள உலர்துறைமுகத்துக்கு (கொள்கலன்களைக் கையாளும் உள்நாட்டு முனையம்) ரயிலில் செல்கின்றன. முன்பு துறைமுகத்தில் ஒருமுறை சுங்க ஆவணங்களை முடித்து, ரக்சௌலில் கொள்கலன் முத்திரையைச் சரிபார்த்து ஒப்பமிட்டு, அந்த ஆவணப் படியை மறுபடி துறைமுகத்துக்கே அனுப்ப வேண்டியிருந்தது. சரக்கு வழியில் இந்தியச் சந்தைக்குள் இறங்கிவிடும் என்ற ஐயமே அத்தனைக்கும் காரணம். அண்மை ஆண்டுகளில், கொள்கலனில் மின்னணுப் பூட்டைப் பொருத்தி, அது எங்கே செல்கிறது, இடையில் திறக்கப்பட்டதா என்பதைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கும் முறை வந்தது. பூட்டு திறக்கப்படவில்லை என்று தெரிந்தால் எல்லையில் நிறுத்திப் பார்க்க வேண்டிய தேவை பெருமளவு நீங்கிவிடுகிறது. ஐயத்துக்கு நேரடியாக விடை சொல்லும் கருவி என்பதால்தான் இது பயன் தந்தது. ஆவணங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு, அதே ஆவணங்களைத் தாளிலும் கேட்கும் இடங்களில் எந்தக் கருவியும் ஒரு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தாது. இதை நான் பல எல்லைகளில் கண்டு வருந்தியிருக்கிறேன்.

பலரும் தண்டவாள அகல வேறுபாட்டையே பெரிய தடையாக நினைக்கிறார்கள். சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் கொள்கலன் ரயில், கஜகஸ்தான் எல்லையில் 1,435 மில்லிமீட்டரிலிருந்து 1,520-க்கு மாறுகிறது. பிறகு பெலாரஸுக்கும் போலந்துக்கும் இடையே மறுபடி 1,435-க்குத் திரும்புகிறது. இரண்டு வண்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, கிரேன் கொண்டு பெட்டிகளைத் தூக்கி மாற்றும் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மாற்றி ஏற்றுவதற்குக் காலி வேகன்கள் அந்தப் பக்கத்தில் வந்து நிற்காவிட்டால், கொள்கலன்கள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். வேகன் கணக்கை முன்கூட்டியே பகிர்ந்துகொள்வதே அங்கு மருந்து. மேற்கு ஐரோப்பிய நாடுகளும் முன்னாள் சோவியத் நாடுகளும் ரயில் சரக்குக்கு வெவ்வேறு சட்ட முறைகளைப் பின்பற்றுவதால், எல்லையில் ஒவ்வொரு சரக்குச் சீட்டையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 2006-இலிருந்து இரு முறைகளுக்கும் பொதுவான சீட்டு புழக்கத்துக்கு வந்ததும் அந்த வேலை குறைந்தது.

செக்‌ஷன் கண்ட்ரோலர் (ஓய்வு):

இனிக் குறைக்க வேண்டிய நேரம் எங்கே என்ற கீழ்த்திசை ஐயாவின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். மைத்ரீ வண்டி, வங்கதேசத்தில் பத்மா ஆற்றின் மேலுள்ள ஹார்டிஞ்ச் பாலத்தையும், அங்கு யமுனை எனப்படும் பிரம்மபுத்திராவின் மேலுள்ள யமுனைப் பாலத்தையும் கடந்து சுற்றிக்கொண்டு டாக்காவை அடைந்தது. பழைய யமுனைப் பாலத்தில் ஒற்றைப் பாதை, ஊர்ந்து செல்லும் வேகம். 2025-இல் அதற்குப் பக்கத்தில் ரயிலுக்கென்று தனியாக இரட்டைப் பாதைப் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. அதைவிடப் பெரிய மாற்றம் பத்மா பாலம்: அதன் வழியே 2023 அக்டோபரில் டாக்காவிலிருந்து பாங்கா வரையும், 2024 டிசம்பரில் அங்கிருந்து ஜசோர் வரையும் பாதை திறந்தது. இனிக் கொல்கத்தா வண்டி, இந்திய எல்லை நிலையமான பெத்ராபோல், வங்கதேச எல்லை நிலையமான பெனாபோல், ஜசோர் வழியாக நேரே பத்மாவைத் தாண்டி டாக்காவுக்குள் சென்றுவிடலாம். ஓடும் நேரம் அவ்வாறு சுருங்கும்போது, எல்லையில் லோகோவுக்காகவும் ஊழியர் மாற்றத்துக்காகவும் நிற்கும் நேரம் பயணத்தின் பெரும்பங்காகத் தெரியும். அதனால் ஊழியர் இருதரப்பு விதிகளிலும் பயிற்சி பெற்று, எல்லைக்கு அப்பால் முதல் பெரிய நிலையம் வரை தாமே வண்டியைக் கொண்டுசெல்வதற்கான உடன்பாட்டைச் சேவை மீண்டும் தொடங்கும் நாளுக்குள் செய்துகொள்ள வேண்டும். பல ஐரோப்பிய எல்லைகளில் இது வழக்கமாக நடக்கிறது.

இடைநிலையப் பயணிகளைப் பற்றிய தங்கள் வருத்தம் நியாயமானது. அதற்கு நான் முன்வைப்பது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஓர் இடைநிலையத்தில் சிறிய சோதனைக் கூடம். ஜசோரில் அதற்குப் போதிய பயணிகள் கிடைப்பார்கள். அந்த நிலையத்துக்கென்று ஒதுக்கிய பெட்டி ஒன்றை மட்டும் அங்கே திறந்தால், மற்றப் பெட்டிகளைத் தொட வேண்டியதில்லை. வண்டியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிராது.